எந்தச் சபையில் எல்லாமே சரி? வாசகர் கேள்வி பதில்

சபைப் பிரிவுகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: என் அப்பா வழி கத்தோலிக்கம், அம்மா வழி லுத்தரன். மனைவி வீட்டார் பெந்தெகொஸ்தே சபை. எங்கள் சபைதான் வேதத்தின்படி நடக்கிறது என்று மூன்று பக்கமும் சொல்கிறார்கள். எல்லாவற்றிலும் சரியாக இருக்கும் சபை ஒன்று உண்டா? – வாசகர், செந்தூல்

பதில்: எல்லாவற்றிலும் என்றால், இல்லை. இது வெளியிலிருந்து வைக்கும் குற்றச்சாட்டு அல்ல. சபைகளே தங்கள் ஏடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் எழுதி வைத்திருக்கின்றன. ஆங்கிலிக்கன் சபையின் அடிப்படைப் போதனைகளான 39 கட்டளைகளில் 19ஆவது, எருசலேம், அலெக்சாந்திரியா, அந்தியோகியா, ரோம் ஆகிய இடங்களின் சபைகள் தவறியிருக்கின்றன என்கிறது. 21ஆவது, சபைத் தலைவர்கள் கூடும் பொதுச்சங்கங்கள்கூடத் தவறலாம் என்கிறது. பிரஸ்பிட்டேரியன்கள் ஏற்கும் 1646ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையும் இதையே சொல்கிறது.

கத்தோலிக்கரின் நிலை வேறு, ஆர்த்தடாக்ஸ் சபையின் நிலையும் வேறு. விசுவாசத்தின் முழுமை தங்களிடம் இருப்பதாக இருவரும் நம்புகிறார்கள். ஆனால் பாப்பரசர் பேசுவதெல்லாம் தவறாதது என்று கத்தோலிக்கம் போதிப்பதில்லை. அவர் போதனை எப்போது தவறாததாகும் என்பதற்கு 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம் வகுத்த நிபந்தனைகள் மிகக் குறுகியவை. அதன்பின் ஒரு பாப்பரசர் அந்த அதிகாரத்தைத் தெளிவாகப் பயன்படுத்தியது 1950இல், மரியாள் உடலோடு விண்ணுக்கு எடுக்கப்பட்டதை அறிவித்தபோது மட்டுமே. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபை எப்போதும் தூய்மைப்படுத்தப்பட வேண்டியது என்று எழுதியது. பரிசுத்தமும் சத்தியமும் தன் எல்லைக்கு வெளியிலும் காணப்படுகின்றன என்றும் ஏற்றுக்கொண்டது. ஆகவே உங்கள் அப்பா வழியினர் 'முழுமை எங்களிடம்' என்று சொல்லலாம்; 'நாங்கள் தவறியதே இல்லை' என்று சொல்ல அவர்கள் சபையே இடம் கொடுக்கவில்லை.

ஏட்டில் சரியாக இருந்தும் நடப்பில் தவறுவது இதைவிடப் பெரிய சிக்கல். தமிழராகிய நமக்கு இதை விளக்கத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. சாதி ஒன்றே போதும். 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாட்டை உடனே கைவிட வேண்டும் என்று கட்டளையிட்டபோது தஞ்சாவூர் விசுவாசிகளில் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். விசுவாசத்தால் மட்டுமே நீதிமானாக்கப்படுதல், அதாவது கடவுள் முன் நீதிமானாக ஏற்கப்படுதல் என்பதை உயிராகப் போற்றிய லைப்சிக் லுத்தரன் மிஷன், சாதிப் பழக்கத்தை நீண்ட காலம் பொறுத்துக்கொண்டது. மலேசியத் தமிழ் லுத்தரன் குடும்பங்கள் பலவற்றின் வேர் அந்த மிஷன்தான். கத்தோலிக்கத்திலும் இதே கதை. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆலயத்துக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இடிபட்டது. மூன்று சபைகளின் ஞானோபதேசமும் எல்லோரும் கிறிஸ்துவில் ஒன்று என்றே சொல்லிக்கொடுத்தது. அதைப் படித்தவர்களே சேர்ந்து உட்கார மறுத்தார்கள். எந்தச் சபை சரி என்று கேட்கும்போது இந்த வரலாற்றை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது.

அதற்காக எல்லாச் சபையும் ஒன்றுதான் என்றும் சொல்லிவிட முடியாது. ஒரு போதனையைக் கேட்டால், அது எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று முதலில் பாருங்கள். அடித்தளம் 325இல் நிசேயாவில் எழுதி 381இல் கான்ஸ்டான்டிநோப்பிளில் விரித்த விசுவாச அறிக்கை: ஒரே கடவுள், தந்தை, மகன், ஆவி, கிறிஸ்துவின் பிறப்பு, சிலுவை, உயிர்ப்பு. நீங்கள் சொன்ன மூன்று பக்கமும் பொதுவாக இதில் ஒன்றாகவே நிற்கின்றன. அடுத்த அடுக்கில் உண்மையான, கனமான வேறுபாடுகள் இருக்கின்றன: அருட்சாதனங்கள் ஏழா இரண்டா, குழந்தைக்கு ஞானஸ்நானம் உண்டா, குருத்துவம் யாருக்கு, பாப்பரசரின் அதிகாரம் எவ்வளவு. இவற்றைச் சிரித்து ஒதுக்காதீர்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் வேதவசனமும் நூற்றாண்டுகளின் சிந்தனையும் இருக்கின்றன. மூன்றாவது அடுக்கு வழக்கம்: நகை அணியலாமா, தாலி கட்டலாமா, கைதட்டலாமா, ஆலயத்தில் செருப்பைக் கழற்ற வேண்டுமா. வீட்டில் மூளும் சண்டைகளில் பெரும்பகுதி இந்த மூன்றாவது அடுக்கில்தான் நடக்கிறது, ஆனால் முதல் அடுக்கின் சூட்டோடு நடக்கிறது. தவறு அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டாவது அடுக்கிலும் சில முடிச்சுகள் அவிழ்ந்திருக்கின்றன. லுத்தரின் சீர்திருத்தம் தொடங்கிய 1517 முதல் சண்டையின் மையமாக இருந்த 'நீதிமானாக்கப்படுதல்' பற்றி, 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலக சம்மேளனமும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. 2006இல் மெதடிஸ்டுகள் அதில் இணைந்தார்கள். 2010இல் லுத்தரன் உலக சம்மேளனம், குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்த அனபாப்டிஸ்டுகளைத் தங்கள் முன்னோர் துன்புறுத்தியதற்காக அவர்களின் வழிவந்த மெனோனைட்டுகளிடம் மன்னிப்புக் கேட்டது. தன் தவறை ஏட்டில் எழுதி ஒப்புக்கொள்ளும் சபையை நம்பலாம் என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: சிறுவயதில் மெதடிஸ்ட் சபையில் ஞானஸ்நானம் பெற்றேன். இப்போது கத்தோலிக்கத்தில் சேர விரும்புகிறேன். மறுபடி திருமுழுக்குப் பெற வேண்டுமா? என் தங்கையையோ ஒரு சுயாதீன சபையில் மூழ்கி எடுக்கச் சொல்கிறார்கள். – வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: உங்களுக்கு வேண்டியதில்லை. தண்ணீர் ஊற்றியோ மூழ்கவைத்தோ, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் கொடுத்த ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது. மெதடிஸ்ட், லுத்தரன், ஆங்கிலிக்கன் சபைகளில் அப்படித்தான் கொடுக்கிறார்கள். மூல சான்றிதழோடு பங்குத்தந்தையைப் பாருங்கள். வகுப்புகள் முடிந்ததும் விசுவாச அறிக்கை சொல்லி, உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெறுவீர்கள். மெதடிஸ்ட் சபையில் இதற்கு இணையான திடப்படுத்தல் எடுத்திருந்தாலும் உறுதிப்பூசுதல் உண்டு. பல பங்குகளில் இதை உயிர்ப்புப் பெருவிழாவின் முந்திய இரவில் செய்கிறார்கள்.

சான்றிதழ் தொலைந்திருந்தால், ஞானஸ்நானம் பெற்ற ஆலயத்தின் பதிவேட்டில் நகல் கேளுங்கள். அந்த ஆலயமே மூடப்பட்டிருந்தால் அந்தச் சபையின் தலைமை அலுவலகத்தில் கேளுங்கள். அங்கும் கிடைக்கவில்லையென்றால், நேரில் பார்த்த நம்பகமான ஒருவரின் வாக்குமூலம் போதும் என்று திருச்சபைச் சட்டம் 876 சொல்கிறது. பெரியம்மா, மாமா யாராவது இருந்தால் இப்போதே எழுதி வாங்கி வையுங்கள். நன்கு விசாரித்தும் சந்தேகம் தீராவிட்டால் மட்டும் 'ஏற்கெனவே பெறவில்லையென்றால்' என்ற நிபந்தனையோடு திருமுழுக்குக் கொடுப்பார்கள்.

சிக்கல் வருவது ஞானஸ்நானம் கொடுக்கும்போது சொல்லும் வாய்பாட்டில். 'இயேசுவின் நாமத்தில்' மட்டும் கொடுக்கும், திரித்துவத்தை ஏற்காத ஒருமைப் பெந்தெகொஸ்தே சபைகளின் ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கம் ஏற்பதில்லை. மோர்மன் சபையின் ஞானஸ்நானம் செல்லாது என்று வத்திக்கான் 2001இல் தீர்ப்பளித்தது. 'நான்' என்பதற்குப் பதில் 'நாங்கள் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறோம்' என்று குரு சொன்னால் அதுவும் செல்லாது என்று 2020இல் அறிவித்தது. எனவே தங்கை சேர நினைக்கும் சபை எந்த வாய்பாட்டைச் சொல்கிறது என்று முதலில் கேளுங்கள்.

தங்கையின் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. விசுவாசித்த பிறகே ஞானஸ்நானம் என்று நம்பும் சபைகள், குழந்தைப் பருவத்தில் கொடுத்ததை ஞானஸ்நானமாகவே எண்ணுவதில்லை. அவர்கள் பார்வையில் இது மறுஞானஸ்நானம் அல்ல, முதலாவது. மெதடிஸ்ட் போதனைப்படி ஒருமுறை பெற்றதே போதும். இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. அழுத்தத்துக்காகத் தண்ணீரில் இறங்கக் கூடாது. தன் போதகரோடு உட்கார்ந்து பேசிவிட்டுத் தங்கையே முடிவெடுக்கட்டும்.

கேள்வி: என் மகள் கத்தோலிக்கர், மருமகனாக வரப்போகிறவர் மெதடிஸ்ட். இரண்டு ஆலயத்திலும் ஒரு தடவை கல்யாணம் வைக்கலாம் என்று இரு வீட்டாரும் நினைக்கிறோம். – வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: இரண்டு ஆலயங்களிலும் சம்மத வாக்குறுதி கொடுக்க முடியாது. திருச்சபைச் சட்டம் 1127 இதை வெளிப்படையாகத் தடுக்கிறது. ஒரு ஆலயத்தில் வாக்குறுதி நடக்கட்டும். மற்ற சபையின் போதகர் அங்கேயே வந்து வேதம் வாசிக்கலாம், ஜெபித்து ஆசி கூறலாம்.

குறைந்தது ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். மகளுக்கு அண்மையில் எடுத்த திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டும். ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று பங்குகளில் கேட்பார்கள். ஏற்கெனவே மணமாகியிருந்தால் அந்தக் குறிப்பு பதிவேட்டில் இருக்கும் என்பதே காரணம், எனவே வீட்டில் இருக்கும் பழைய தாள் செல்லாது. மாப்பிள்ளையும் தம் ஞானஸ்நானச் சான்றிதழைக் கொடுக்க வேண்டும். இருவரும் திருமணத் தயாரிப்பு வகுப்பில் அமர வேண்டும். கலப்புத் திருமணத்துக்கு ஆயரின் அனுமதி தேவை. உங்கள் ஊர் பினாங்கு மறைமாவட்டத்துக்கு உட்பட்டது, பங்குத்தந்தை வழியாகவே விண்ணப்பம் போகும். தன் விசுவாசத்தைக் காப்பதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றதெல்லாம் செய்வதாகவும் மகள் வாக்குக் கொடுப்பார். மாப்பிள்ளை கையெழுத்திட வேண்டியதில்லை, ஆனால் அந்த வாக்கு அவருக்குத் தெரிய வேண்டும். இதைக் கடைசி வாரத்தில் தெரிந்துகொண்டு சம்பந்திகள் மனம் முறிவது உண்டு. முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

திருமணம் மெதடிஸ்ட் ஆலயத்தில் என்றால் ஆயரிடமிருந்து இன்னொரு விலக்கு வேண்டும். அதை வாங்காமல் நடத்தி, அரசுப் பதிவும் செய்திருந்தால் நாட்டுச் சட்டப்படி அவர்கள் கணவன் மனைவி. கத்தோலிக்கக் கணக்கில் திருமணம் செல்லாது. மகள் நற்கருணை வாங்கப் போகும்போதுதான் இது தெரியவரும். பின்னால் சரிசெய்ய வழி உண்டு, ஆனால் முன்பே செய்வது எளிது.

அரசுப் பதிவு தனி. 1976ஆம் ஆண்டுத் திருமண மணவிலக்குச் சட்டப்படி தேசியப் பதிவிலாகாவில் முன்னறிவிப்புக் கொடுத்தால், அதை 21 நாள் பார்வைக்கு வைப்பார்கள். ஆலயத்தின் குருவோ போதகரோ துணைப் பதிவாளராக நியமனம் பெற்றிருந்தால் ஆலயத்திலேயே பதிவு செய்யலாம். இல்லையென்றால் பதிவிலாகாவில் முடித்துவிட்டு வர வேண்டும். மண்டபம் பேசுவதற்கு முன்பே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கத்தோலிக்க மறைக்கல்விக்குப் போகும் என் பேரன் 'களவு செய்யாதே' ஏழாம் கட்டளை என்கிறான். மெதடிஸ்ட் ஞாயிறு பள்ளிக்குப் போகும் பேத்தி எட்டாம் கட்டளை என்கிறாள். யார் சரி? – வாசகி, கெப்போங்

பதில்: இருவரும் சரி. யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் வசனங்கள் உண்டு, கட்டளைகளுக்கு எண் இல்லை. கத்தோலிக்கரும் லுத்தரன்களும் வேறு தெய்வங்கள், விக்கிரகம் இரண்டையும் ஒரே கட்டளையாக எண்ணி, கடைசியில் இச்சையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், ஆர்த்தடாக்ஸ் சபையினர் முதலில் உள்ளதைப் பிரித்து, கடைசியை ஒன்றாக எண்ணுகிறார்கள். வேதாகமத்தில் புத்தகங்களின் எண்ணிக்கைதான் உண்மையில் வேறுபடும்: கத்தோலிக்கருக்கு 73, புரொட்டஸ்டன்டுகளுக்கு 66.

கேள்வி: பக்கத்து வீட்டில் கூடும் ஒரு சிறு சபையினர், மற்ற எல்லாச் சபையும் வழிதவறிய பாபிலோன், எங்களிடம் மட்டுமே சத்தியம் என்கிறார்கள். ஜெபம் நன்றாக இருக்கிறது. போகலாமா? – வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: சிறு சபை என்பது குறை அல்ல. ஆதிச் சபையும் வீடுகளில்தான் கூடியது. 'எங்களிடம் மட்டுமே' என்பதைத்தான் சோதிக்க வேண்டும். அவர்களின் விசுவாச அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். திரித்துவத்தைப் பற்றியும் கிறிஸ்து யார் என்பதைப் பற்றியும் என்ன சொல்கிறது என்று நிசேயா அறிக்கையோடு வைத்துப் பாருங்கள். போதகர் தவறினால் அவரைக் கேட்கும் அதிகாரம் யாருக்கு என்று கேளுங்கள். மெதடிஸ்ட் போதகருக்கு மேல் பேராயரும் ஆண்டு மாநாடும் உண்டு, கத்தோலிக்கக் குருவுக்கு மேல் ஆயர் உண்டு. இவருக்கு மேல் ஆண்டவர் மட்டுமே என்று பதில் வந்தால் அது ஆபத்தான அடையாளம். தசமபாகம் யாருடைய வங்கிக் கணக்குக்குப் போகிறது, சபை எங்கே பதிவாகியிருக்கிறது, ஆண்டுக் கணக்கை உறுப்பினர்களுக்குக் காட்டுகிறார்களா என்பதையும் விசாரியுங்கள். சங்கமாகப் பதிவு செய்திருந்தால் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டுதோறும் கணக்கு அனுப்பியாக வேண்டும்.

குடும்பத்தாரோடு பேசாதே, மருந்து எடுக்காதே, கேள்வி கேட்பது அவிசுவாசம் என்று சொன்னால், ஜெபம் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் விலகிவிடுங்கள். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்தை நிறுத்தச் சொல்லும் எவருக்கும் இந்த விஷயத்தில் மரியாதை காட்ட வேண்டியதில்லை.

கேள்வி: நாங்கள் லுத்தரன். மரியாளின் தாயான அன்னம்மாளின் புக்கிட் மெர்தாஜாம் திருவிழாவுக்கு நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். போனால் தவறா? – வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தவறில்லை. ஜூலை 26ஐ ஒட்டி நடக்கும் அந்த விழாவுக்கு வேறு மதத்தினரும் வருகிறார்கள். மார்ட்டின் லுத்தரே 1505இல் இடி மின்னலில் சிக்கியபோது அன்னம்மாளைக் கூப்பிட்டுத்தான் துறவியாவதாக நேர்ந்துகொண்டார். பின்னாளில் புனிதர்களிடம் மன்றாடுவதை மறுத்தார். 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 21ஆவது பிரிவு, புனிதர்களை நினைவுகூர்ந்து அவர்கள் விசுவாசத்தைப் பின்பற்றலாம், ஆனால் அவர்களிடம் உதவி வேண்டக் கூடாது என்கிறது. எனவே நண்பர்களோடு பவனியில் நடக்கலாம், திருப்பலியில் பாடலாம், கடவுளிடம் ஜெபிக்கலாம். நேர்ச்சை வைக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. நற்கருணை நேரத்தில் இருக்கையிலேயே இருங்கள்; வரிசையில் போக விரும்பினால், மார்பில் இரு கைகளையும் குறுக்காக வைத்தால் பொதுவாக ஆசி மட்டும் தருவார்கள்.