ஜிஎஸ்டி உற்பத்திச் செலவையும் வீட்டுச் செலவையும் கூட்டுமா?

உள்ளீட்டு வரி வரவு, அதாவது பொருள் வாங்கும்போது கட்டிய வரியை விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வசதி, கிடைக்கும் தொழிலில் ஜிஎஸ்டி செலவாகாது. பெயிண்ட் தயாரிப்பவர் 100 ரூபாய் மூலப்பொருளுக்கு 18 ரூபாய் வரி கட்டுகிறார். 150 ரூபாய்க்கு விற்கும்போது 27 ரூபாய் வசூலித்து, 18-ஐக் கழித்து 9 மட்டும் அரசுக்குச் செலுத்துகிறார். அந்த 27 முழுவதும் வாங்குபவர் தலையில்தான்.

வரவு அறுந்தால்தான் சிக்கல். சாதாரண உணவகம் 5% வசூலிக்கிறது, ஆனால் வரவு எடுக்க முடியாது. கடை வாடகை 50,000 என்றால் அதன்மேல் வரும் 9,000 வரி, வணிக சிலிண்டர் மீதான 18% எல்லாமே அடக்கவிலையில் ஏறும். அதனால் பில்லில் 5% என்று இருந்தாலும், இட்லி விலைக்குள் இன்னொரு வரி ஒளிந்திருக்கிறது. டீசல் ஜிஎஸ்டிக்குள் வராததால், அதன்மேல் மாநில அரசு போடும் வாட் வரி காய்கறி லாரி வாடகை வழியாக வீட்டுக்கு வரும்.

வரவு உள்ள தொழிலிலும், சப்ளையர் தன் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யாவிட்டால் உங்கள் 2பி-யில் (உங்களுக்குக் கிடைக்கும் வரவைக் காட்டும் பட்டியலில்) அந்த பில் வராது, வரவும் இல்லை. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் அவருக்குப் பணம் தராவிட்டாலும் எடுத்த வரவை வட்டியோடு திருப்ப வேண்டும். சிறு உற்பத்தியாளர்கள் இங்கே இழக்க வாய்ப்புண்டு.

பாக்கெட் போடாமல் சில்லறையாக அளந்து விற்கும் அரிசிக்கு வரி இல்லை. 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய பாக்கெட்டுக்கு 5%. வருமானத்தில் பெரும்பங்கைச் சாப்பாட்டுக்கே செலவிடும் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் பெரிது.