சோடியம் குறைந்தால் சாப்பாட்டில் உப்பைக் கூட்டினால் போதுமா?

அம்மாவுக்கு ரத்தத்தில் சோடியம் 124, பக்கத்து வீட்டில் உப்பைக் கூடப் போடச் சொல்கிறார்கள், போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். நான் மருத்துவம் படித்தவள் இல்லை, படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். வார்டில் எனக்கு விளக்கியதைத்தான் எழுதுகிறேன்.

என் மாமியார் ஒருநாள் விடியற்காலையில் டிவி ரிமோட்டை வாசல் கேட் பூட்டில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். "என்ன அத்தை பண்றீங்க?" என்றால், "மாமா வெளிய நிக்கிறாரு, கதவு தொறக்க மாட்டேங்குது" என்கிறார். மாமா இறந்து பல வருடமாகிறது. உடனே 995-க்கு, அதாவது இங்கே சிங்கப்பூரில் ஆம்புலன்ஸ் நம்பருக்கு அடித்தோம். 135 முதல் 145 வரை இருக்க வேண்டிய சோடியம் 116.

திருச்சியிலிருந்து நாத்தனார் போனில், "உப்புச் சப்பில்லாம சமைச்சுப் போட்டா இப்படித்தான்" என்றார். இன்னும் மனசு ஆறவில்லை. காரணம் என் சமையல் இல்லை. பிரஷருக்குப் புதிதாகச் சேர்த்த ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரை. அது சோடியத்தைச் சிறுநீரோடு வெளியே தள்ளுகிறது, அதிகத் தண்ணீரை வெளியேற்றவும் சிறுநீரகத்தை விடுவதில்லை. வயதானவர்களுக்கு இது அடிக்கடி வரும் பக்கவிளைவாம். சோடியம் குறைந்தவர்களுக்குப் பெரும்பாலும் உடம்பில் உப்புப் பஞ்சம் இருப்பதில்லை, தண்ணீர் தங்கி ரத்தத்தை நீர்க்கச் செய்துவிடுகிறது. இதயமோ சிறுநீரகமோ பழுதானவர்களுக்கு அதன்மேல் உப்பையும் கொட்டினால் வீக்கமும் மூச்சுத்திணறலும்தான் மிச்சம்.

மாத்திரையை நிறுத்தினார்கள். குழப்பம் அதிகமாக இருந்ததால் 3 சதவீத உப்புநீரைக் கொஞ்சமாக ஏற்றி, ரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். ஏன் சட்டென்று ஏற்றக் கூடாது என்று என் கணவர் கேட்டார். குறைந்த சோடியத்துக்கு மூளை பழகியிருக்கும், 24 மணி நேரத்தில் 8, 10 புள்ளிக்கு மேல் ஏறினால் மூளை நரம்புகளின் உறை சிதையலாம், பேச்சும் விழுங்குவதும்கூடப் போய்விடலாம் என்றார் டாக்டர். அப்புறம் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான். தாதி ஒவ்வொரு கப்பையும் குறித்துவைத்தார். பார்க்க வந்தவர்களோ "தெம்பா இருக்கும்" என்று ஹண்ட்ரட் பிளஸ் என்ற உப்புச் சத்து பானத்தின் டின்னை நீட்டினார்கள். அதுவும் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தானே!

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இங்கே சட்டப்படி லீவு உண்டு. மாமியாருக்கு என்றதும் என் ஆபீஸில் வருடாந்திர லீவிலேயே கழித்தார்கள். முதியவர்கள் இத்தனை பேர் இருக்கும் ஊரில் இது நியாயமே இல்லை.

சரி, உங்கள் அம்மாவுக்கும் பிரஷர் மாத்திரை ஓடும் என்று நினைக்கிறேன். நீங்களாக நிறுத்தாதீர்கள். மனச்சோர்வு மாத்திரையாலும் சோடியம் குறையலாம், அதனால் எல்லா மாத்திரை அட்டைகளையும் இன்றே எடுத்துப் போய்க் காட்டுங்கள். பேச்சுக் குழறினாலோ, வலிப்பு வந்தாலோ கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காமல் 995-க்கு அடியுங்கள்.