கொழுந்துக்கார அக்காவின் கண் ஏன் கரைந்தது?

கைவேலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, களிமண்ணில் இரண்டு அங்குல உயரத்துக்குத் தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண் பொம்மை செய்து, அக்ரிலிக் பூசி விற்கிறேன். கண், புருவம், சேலைக் கரை எல்லாம் மெல்லிய பிரஷ்ஷில் போடும்போது கை நடுங்குகிறது. அதனால் 005 என்று போட்ட கறுப்புப் பேனா ஒன்று வாங்கினேன். கோடு அழகாகத்தான் வந்தது. மேலே வார்னிஷ் பூசியதும் பதினெட்டுப் பொம்மையின் முகமும் கரி அப்பின மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் பட்டாலும் அழியாது என்றுதானே பேனாவில் எழுதியிருக்கிறது?
வாசகர், தலவாக்கலை

பதில்: தம்பி, பதினெட்டையுமா ஒரே மூச்சில் பூசினீர்கள்? ஒன்றில் பார்த்துவிட்டு மற்றதில் கை வைத்திருக்கலாம். திட்டவில்லை, நானும் ஒரு பொங்கலுக்கு முதல்நாள் ராத்திரி ஒரு டசினை இப்படித்தான் கெடுத்தேன்.

பேனா பொய் சொல்லவில்லை. அழியாது என்பது கடதாசியை நினைத்துச் சொன்னது. கடதாசி மையைக் குடிக்கும், மையில் உள்ள நிறத்தூள் நாருக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும், அப்புறம் தண்ணீர் ஊற்றினாலும் அசையாது. அக்ரிலிக் காய்ந்தால் ஆறின பாலில் ஆடை படிந்த மாதிரி ஒரு பிளாஸ்டிக் தோல்தான். மை அதற்குள் இறங்க வழியில்லாமல் மேலேயே உட்கார்ந்திருக்கும். தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல் இருக்கும், ஆனால் ஈர வார்னிஷோடு பிரஷ் வந்து தேய்த்தால் வாரிக்கொண்டு போய்விடும். ஜெல் பேனாவாக இருந்திருந்தால் விரல் பட்டே போயிருக்கும். சீடியில் எழுதும் மார்க்கர் இன்னும் மோசம், அதன் மையில் ஸ்பிரிட் இருப்பதால் ஸ்பிரிட் கலந்த வார்னிஷ் பட்டதும் ஊதாவாக ஊறிப் பரவும்.

அதனால் பேனாவுக்குக் கீழே என்ன இருக்கிறது, மேலே என்ன வரப்போகிறது என்பதைப் பாருங்கள், கை நடுக்கமெல்லாம் அப்புறம். பெயின்ட் நன்றாகக் காய்ந்த பிறகு மினுக்கம் இல்லாத மேட் வார்னிஷ் ஒரு கை பூசுங்கள். அதில் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு இருக்கும், மை பிடித்துக்கொள்ளும். மினுமினுப்பான வார்னிஷ் மேல் எழுதினால் சேம்பு இலைத் தண்ணீர் மாதிரி மை திரண்டு நிற்கும். பிறகு பேனா வேலை. அதற்குப் பிறகு ஒரு முழு நாள் தொடாதீர்கள், ஆடி மாதத்து மூடுபனியில் இரண்டு நாள். அடுப்புப் பக்கம் வைத்துக் காயப்போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, புகை படிந்து முகம் மங்கிவிடும், வேண்டாம். கடைசியில் வார்னிஷைப் பிரஷ்ஷால் பூசாமல் ஸ்ப்ரேயில், ஓரடி தள்ளி நின்று, பனி விழுகிற மாதிரி மெல்ல இரண்டு மூன்று தடவை அடியுங்கள். அது பிடித்துக் காய்ந்த பிறகு பிரஷ் வேண்டுமென்றாலும் பயப்படத் தேவையில்லை. ஆனால் ஸ்ப்ரே வேலையை வெயில் ஏறின நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விடிகாலை ஈரக்காற்றில் இஸ்தோப்பில், அதுதான் வீட்டு முன்வாசலில், நின்று அடித்தால் வார்னிஷில் ஈரம் மாட்டிக்கொண்டு வெள்ளையாகப் பூத்துவிடும்.

005 என்றதும் 0.05 மில்லிமீட்டர் என்று நினைத்திருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சகுரா கம்பெனியின் பிக்மா மைக்ரான் பேனாவில் 005 என்றால் கோடு 0.20 மி.மீ., 01 என்றால் 0.25, 05 என்றால் 0.45. உங்கள் பொம்மை ஐந்தடிப் பெண்ணின் முப்பதில் ஒரு பங்கு. நிஜக் கண்ணின் கருவிழி சுமார் 12 மி.மீ., அதை முப்பதால் வகுத்தால் 0.4. ஆக 005 பேனாவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்தால் கருவிழி சரியாக வரும். இதே பேனாவை 72இல் ஒரு பங்குப் பொம்மையில் வைத்தால் ஒரு புள்ளியே நிஜத்தில் 14 மி.மீ. ஆகிவிடும், பேயடித்தவள் மாதிரி முழிப்பாள். அவ்வளவு சின்னதில் கண்ணே வேண்டாம், கண்குழியில் கொஞ்சம் நிழல் போதும்.

இன்னொன்று, கறுப்பை விடுங்கள். வெயிலில் நிற்கும் முகத்தில் கறுப்புக் கோடு கார்ட்டூன் மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். கடும் பழுப்புப் பேனா வாங்கி, மேல் இமைக்கு மட்டும் ஒரு கோடு போடுங்கள், கீழ் இமையைத் தொடவே வேண்டாம். பேனாவை நிமிர்த்திப் பிடித்துத் தொட்டு எடுக்க வேண்டும். அழுத்தினால் முனை உள்ளே போய்விடும். கோணலாகிவிட்டால் உடனே ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிடலாம், அதற்கும் கீழே வார்னிஷ் இருக்க வேண்டும். சேலைக் கரையைத் திரும்பப் பிரஷ்ஷிடமே கொடுத்துவிடுங்கள். இந்த மை கண்ணாடி மாதிரி, இருட்டு நிறத்தின் மேல் எந்த வெளிர் நிறமும் எடுபடாது. இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்கின் மடிப்பு, கூடைக் கயிற்றின் முறுக்கு, இதெல்லாம் வெளிர் நிறத்தின் மேல் வருவதால் பேனாவுக்கு ஏற்ற வேலை.

கெட்டுப்போன பதினெட்டையும் எறிய வேண்டாம். முகத்தை மட்டும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி பூசுங்கள்.

கேள்வி: பாடசாலைக் கண்காட்சிக்கு தெமோதரை ஒன்பது வளைவு ரயில் பாலத்தை அட்டையில் செய்கிறோம். கல் இடுக்குகளைப் பேனாவால் வரையலாமா?
ஆசிரியை, பண்டாரவளை

பதில்: வேண்டாம் டீச்சர். பாலம் சுமார் 91 மீட்டர் நீளம். ரயில் பொம்மைக்காரர்களின் 87இல் ஒரு பங்கில் செய்தால் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். அந்த அளவில் 01 பேனாக் கோடு நிஜத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தடிப்பு. நூறு வருடப் பாலம் நேற்றுக் கோடு போட்ட கணக்குக் கொப்பி மாதிரி ஆகிவிடும். கூராகச் சீவின பென்சிலால் விட்டு விட்டுக் கோடு போடச் சொல்லுங்கள், பிள்ளைகளின் கை கோணல் இதற்கு நல்லது. பென்சில் மினுக்கத்தை மேட் வார்னிஷ் அடக்கிவிடும்.

கேள்வி: முனை மொட்டையான பேனாவைச் சரிபண்ண வழி உண்டா?
வாசகி, ஹப்புத்தளை

பதில்: பெயின்ட் துகள் அடைத்திருந்தால் சொரசொரப்பான கடதாசியில் கிறுக்கினால் மை திரும்பி வரும். முனை உள்ளே போயிருந்தால் வராது, ஆனாலும் எறியாதீர்கள். கூடைப் பின்னல் போட மொட்டை முனைதான் எனக்குத் தோதாக இருக்கிறது, அதற்கென்றே நாலைந்து வைத்திருக்கிறேன்.