அக்கா பதில்கள்

கேள்வி: அக்கா, நான் தென்னாப்பிரிக்கா, டர்பன்ல இருக்குற சாட்ஸ்வர்த். டிசம்பர் லீவுல ரெண்டு வாரம் எங்க சர்ச் டீமோட ஒரு பிள்ளைங்க ஹோமுக்கு ஊழியம் செய்யப் போறோம். யாக்கோபு 1:27 திக்கற்ற பிள்ளைங்கள விசாரிக்கணும்னு சொல்லுதே, ஆனா ஹோம்ல ஏதேதோ ஃபார்ம் கேக்குறாங்க. ஜெபத்தோட வர்றவங்களுக்கு இது எதுக்கு?

பதில்: ஃபார்ம் கேக்குறாங்கன்னா அது நல்ல ஹோம்னு சந்தோஷப்படும்மா! 2005ஆம் வருஷ சில்ட்ரன்ஸ் ஆக்ட் படி, பிள்ளைங்ககிட்ட வேலை பாக்கத் தகுதி இல்லாதவங்க பேரு ஒரு ரெஜிஸ்டர்ல இருக்கு, அதுல நம்ம பேரு இல்லைன்னு காட்டத்தான் ஃபார்ம் 30, சோஷியல் டெவலப்மென்ட் டிபார்ட்மென்டுக்கு அனுப்பணும், பதில் வர லேட்டாகும் அதனால இப்பவே அனுப்பிடு. பாஸ்டர் லெட்டர் குடுத்தா போதும்னு யாராவது சொன்னா நம்பாத.

எனக்கு உறுத்துறது அந்த ரெண்டு வாரந்தான். நானும் முன்னாடி அப்படிப் போனவதான், கிளம்புற அன்னிக்கு ஒரு குட்டிப் பையன் என் துப்பட்டா நுனிய விரல்ல சுத்திக்கிட்டு "உசோபுயா நினி"ன்னு ஜூலுல கேட்டான், எப்ப திரும்பி வருவன்னு, நான் சீக்கிரம்னு சொன்னேன், போகவே இல்ல. ஏற்கனவே அம்மா அப்பாவ இழந்த பிள்ளைக்கு வர்றவங்க எல்லாம் மடியில தூக்கி கொஞ்சிட்டு மறைஞ்சு போறது இன்னொரு இழப்பு.

வாரத்துல ஒரு சனிக்கிழமை, வருஷம் பூரா போக முடியுமான்னு பாரு. முடியாதா? அப்போ அந்த ரெண்டு வாரம் துணி துவை, பிரியாணி சட்டி கழுவு, அங்கயே இருக்குற ஆன்ட்டிமாருக்கு கொஞ்சம் தூக்கம் கிடைக்கும். ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போடாதம்மா ப்ளீஸ்.