மருந்துக்குப் பழகிய கல்லீரல் புற்று: இனி வழியே இல்லையா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்), கூடவே கல்லீரல் புற்று. ஒன்பது மாதமாக சோராஃபெனிப் என்ற புற்று மாத்திரை சாப்பிட்டும் கட்டி வளர்ந்திருக்கிறது. ரெகோராஃபெனிப்புக்கு மாற்றலாம் என்கிறார் டாக்டர். மருந்துக்குப் பழகிய புற்றுக்கு எதுவும் கேட்காது என்று இணையத்தில் படித்தேன். கைவிட்டுவிட்டார்களா? உள்ளங்கை உரிகிறது, குரல் கம்முகிறது, முடி கொட்டுகிறது. தோள்வலிக்கு டைக்ளோஃபெனாக் கொடுக்கிறேன். மூன்று நாளாக மலம் கறுப்பாகப் போகிறது. இரும்புச்சத்து மாத்திரையால்தானே?

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். இன்றே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும்தான். ஆனால் சிரோசிஸ் உள்ளவருக்கு அதை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது. தார் போல ஒட்டிக்கொண்டு, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல், கடுமையாக நாறினால் அது பெரும்பாலும் ரத்தம். உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாய் கசியலாம், வயிற்றில் புண் இருக்கலாம். எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்தால் தெரியும், அங்கேயே ரப்பர் வளையம் போட்டுக் கசிவை நிறுத்தவும் முடியும். ரத்த வாந்தி, தலைசுற்றல், பகலில் தூங்கி இரவில் உளறுவது, இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். டைக்ளோஃபெனாக்கை யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்? சிரோசிஸ்காரர்களுக்கு அது ரத்தக்கசிவையும் சிறுநீரகக் கோளாறையும் வரவழைக்கும். நிறுத்துங்கள்.

உள்ளங்கை, குரல், முடி மூன்றும் சோராஃபெனிப் செய்யும் வேலை. யூரியா களிம்பு தடவுங்கள், மெத்தென்ற செருப்பு போடட்டும். நடக்க முடியாத அளவுக்குக் கொப்புளம் வந்தால் டோஸைக் குறைப்பார்கள்.

சரி, உங்கள் பயத்துக்கு வருவோம். யாரும் கைவிடவில்லை. 'வளர்' என்ற உத்தரவைச் செல்லுக்குள் கடத்தும் புரதங்கள்தான் கைனேஸ்கள். செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு வந்து உட்காரும் ஒரு சிறு குழி அவற்றில் உண்டு. அங்கேயும் அதை ஒட்டியும் மருந்து அடைத்துக்கொள்கிறது. அடைத்ததும் புற்றுச்செல் மெட், ஆக்சல் போன்ற வேறு கைனேஸ்கள் வழியாக உத்தரவை அனுப்பப் பழகுகிறது. மருந்துக்குப் பழகியது என்கிறோமே, பலருக்கு நடப்பது இதுதான். அதற்கேற்ப மருந்தையும் மாற்றி வடிவமைக்கிறார்கள். சோராஃபெனிப்பின் மூலக்கூறில் ஒரே ஒரு ஃபுளோரின் அணுவைச் சேர்த்தால் ரெகோராஃபெனிப். அந்த ஒரு அணுவால் மருந்தின் பிடியே மாறுகிறது. கபோசான்டினிப் என்ற இன்னொரு மருந்து மெட், ஆக்சல் இரண்டையுமே தடுக்கும்.

சோராஃபெனிப்பை மீறி நோய் வளர்ந்தவர்களிடம் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது. வெற்று மாத்திரை எடுத்தவர்களின் நடுநிலை ஆயுள் (பாதிப் பேர் இதைத் தாண்டி வாழ்ந்தார்கள் என்ற கணக்கு) 7.8 மாதம், ரெகோராஃபெனிப் எடுத்தவர்களுக்கு 10.6 மாதம். நோயைத் துடைத்தெடுக்கும் மருந்து இல்லை, அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் 'எதுவும் கேட்காது' என்பது பொய்.

அந்த ஆய்வில் சேர்ந்தவர்களுக்குக் கல்லீரல் ஓரளவு நன்றாக வேலை செய்தது, சோராஃபெனிப்பையும் உடம்பு தாங்கியது. ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் இந்த மருந்துகள் ரத்தக்கசிவையும் கூட்டும். கசிவைக் கவனிக்காமல் விட்டால் கல்லீரல் இன்னும் சரியும், அப்புறம் அடுத்த மருந்தைத் தொடவே முடியாது.

அதனால் இன்றைய சோராஃபெனிப்பைக் கொடுக்காதீர்கள். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், டைக்ளோஃபெனாக் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள். புது மருந்தை எப்போது தொடங்கலாம் என்பதை எண்டோஸ்கோபி முடிந்த பிறகு உங்கள் புற்றுநோய் டாக்டர் சொல்வார்.