எல்லோரும் ஆதரிக்கும் சட்டம் ஏன் நகர்வதில்லை?

கேள்வி: கலப்பட உணவை ஆதரித்துப் பேசும் அரசியல்வாதி ஒருவர்கூட இல்லை. பிறகு ஏன் உணவுப் பாதுகாப்புச் சட்டங்களைக் கடுமையாக்கத் தயங்குகிறார்கள்? வளர்ந்த நாடுகளிலும் இதே கதிதானா?
– வாசகி ஒருவர், தேனி

பதில்: அங்கேயும் இதே கதிதான். அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன்.

2008 கடைசியில், ஜார்ஜியா மாநில ஆலை ஒன்றிலிருந்து போன வேர்க்கடலை விழுதில் சால்மோனெல்லா கிருமி இருந்தது. 700 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். 9 பேர் இறந்தார்கள். நிறுவனத்தின் தலைவர் ஸ்டூவர்ட் பார்னெலை 2009 பிப்ரவரியில் நாடாளுமன்றக் குழு விசாரித்தது. கிரெக் வால்டன் என்ற உறுப்பினர், போலீஸ் தடுப்பு நாடா சுற்றிய ஜாடியைத் தூக்கிக் காட்டி, அதில் இருப்பதைச் சாப்பிடத் தயாரா என்று கேட்டார். பார்னெல் பதில் சொல்ல மறுத்துவிட்டார்.

அதுவரை அங்கே எஃப்.டி.ஏ. என்ற உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு, குழந்தைகளுக்கான பால்மாவு தவிர, கெட்ட உணவைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் சொல்லி உத்தரவிடக்கூட அதிகாரம் கிடையாது. கம்பெனியிடம் கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதை மாற்றும் மசோதாவைக் கீழவை 2009 ஜூலையில் நிறைவேற்றியது. மேலவையான செனட் இதற்காகத் தனியாகத் தொடங்கிய மசோதாவோ ஒரு வருடத்துக்கு மேல் இழுபட்டது. டாம் கோபர்ன் என்ற செனட்டர், செலவுக்குப் பணம் எங்கே என்று முட்டுக்கட்டை போட்டார். பெரிய கம்பெனிகளுக்கான விதிகள் எங்களை ஒழித்துவிடும் என்று சிறு விவசாயிகள் அஞ்சினார்கள். அந்த அச்சம் நியாயமானது. தானும் விவசாயியான ஜான் டெஸ்டர் என்ற செனட்டர், ஆண்டுக்கு 5 லட்சம் டாலருக்குள் பெரும்பாலும் உள்ளூரிலேயே விற்பவர்களுக்கு விலக்கு வாங்கித் தந்தார். உடனே பெரிய காய்கனி உற்பத்தியாளர் சங்கங்கள் எதிரணிக்குப் போய்விட்டன.

2010 நவம்பர் 30 அன்று 73க்கு 25 என்று செனட் நிறைவேற்றியது. அப்போதும் விடிவில்லை. செனட்டில் தொடங்கிய அந்த மசோதாவில் கட்டணம் வசூலிக்கும் பிரிவு ஒன்று இருந்தது. வரவு சம்பந்தமான மசோதா கீழவையில்தான் தொடங்க வேண்டும் என்பது அவர்கள் அரசியல் சாசனம். நமக்குப் பண மசோதா மக்களவையில் தொடங்குவதுபோல. ஆண்டு முடிந்தால் மசோதா காலாவதி. கடைசியில், பழைய கார்களை மாற்றும் திட்டத்துக்காகக் கீழவை முன்பே அனுப்பியிருந்த மசோதாவின் வாசகத்தை நீக்கி, அந்த இடத்தில் இதை வைத்து நிறைவேற்றினார்கள். 2011 ஜனவரி 4 அன்று ஒபாமா கையெழுத்திட்டார்.

நான் பழைய 1954ஆம் ஆண்டு கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் உணவு ஆய்வாளராக வேலை பார்த்தவன். கடையில் எண்ணெய் மாதிரி எடுத்து, மூன்று பாட்டிலில் பிரித்து, அரக்கு சீல் வைக்க வேண்டும். அதற்குச் சாட்சிக் கையெழுத்து போடப் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டால், "தினமும் இவர் முகத்துல முழிக்கணும் சார்" என்று நழுவிவிடுவார். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் நடப்பது இதுதான். விதியால் நஷ்டப்படுகிறவர்கள் சங்கமாக, தேர்தல் நிதியோடு, நேரில் வந்து நிற்கிறார்கள். வாந்தி பேதியில் படுத்தவர்கள் ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிறார்கள். எந்த உணவால் வந்தது என்றே பலருக்குத் தெரியாது.

அதனால்தான் எதிர்ப்பவர்கள் யாரும் "வேண்டாம்" என்பதில்லை. "கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்" என்கிறார்கள். நம் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் உரிம விதிகள் 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தன. பழைய வியாபாரிகள் மாறிக்கொள்ள ஒரு வருட கெடு. வணிகர் சங்கங்கள் கேட்கக் கேட்க, அது 2016 மே வரை நீண்டது.

அமெரிக்காவில் செனட்டர்களை அசைத்தவர்களில், பெற்றவர்களையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த குடும்பங்கள் முக்கியமானவை. வாஷிங்டனுக்கே போய் நேருக்கு நேர் பேசினார்கள். உங்கள் எம்.பி.யைப் பார்த்தால், கடுமையான சட்டத்தை ஆதரிக்கிறாரா என்று கேட்காதீர்கள். ஆமாம் என்றுதான் சொல்வார். அடுத்த கெடு நீட்டிப்புக் கோரிக்கை வரும்போது எந்தப் பக்கம் நிற்பார் என்று கேளுங்கள்.