கேமரா மலிவுதான், மற்றதெல்லாம்? – வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி: கேனானின் பழைய கேமராவை செகண்ட் ஹேண்டில் வாங்கி, மேஜிக் லேன்டர்ன் போட்டு, ரா வீடியோ எடுப்பது. தெரியாதவர்களுக்கு நாலு வரி. மேஜிக் லேன்டர்ன் என்பது கேனான் கேமராக்களுக்கான இலவச மென்பொருள். 5டி மார்க் 2-க்காக 2009-ல் டிராமெல் ஹட்சன் தொடங்கினார். பிறகு பலர் சேர்ந்து வளர்த்தார்கள். 2013-ல் அதன் வழியாக 14 பிட் ரா வீடியோ எடுக்க முடிந்தது (பிட் கூடினால் ஒவ்வொரு புள்ளியிலும் பதியும் தகவலும் கூடும்). அந்தக் கேமராக்கள் தாமாக எடுப்பது 8 பிட் எச்.264, நன்றாக நசுக்கப்பட்டது. ரா என்றால் சென்சாரில் விழுந்தது அப்படியே. நிறத்தையும் வெளிச்சத்தையும் பிறகு நிதானமாக உட்கார்ந்து சரிசெய்துகொள்ளலாம்.

கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். வசவுகளை எடுத்துவிட்டேன், நியாயமான வசவுகள்தான் என்றாலும்.

கேள்வி: ஈஓஎஸ் எம்-இல் ரா வீடியோ எடுக்கலாம் என்று படித்தேன். எம்50 அதைவிடப் புதுசு என்று கடையில் சொன்னதால் அதையே வாங்கிவிட்டேன். இதற்கான மேஜிக் லேன்டர்ன் எங்கே கிடைக்கும்?

பதில்: கிடைக்காது. 2012-ல் வந்த ஈஓஎஸ் எம் வேறு, 2018-ல் வந்த எம்50 வேறு. ரா வீடியோ ஒழுங்காக ஓடுவது டிஜிக் 4, டிஜிக் 5 சிப் (கேமராவுக்குள் படத்தைக் கையாளும் கேனானின் சிப்) உள்ள பழைய மாடல்களில்; உங்களுடையது டிஜிக் 8. பெயரில் ஒரு எழுத்து ஒத்துப்போனதும் பணத்தை நீட்டிவிட்டீர்கள். திருப்பித் தர இன்னும் நாள் இருக்கிறதா என்று பில்லை எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: 600டி பாடி வாங்கினேன். 'நொடிக்கு 95 எம்பி' என்று அச்சிட்ட கார்டும் வாங்கினேன். ரா எடுத்தால் சில நொடிகளில் தானாக நின்றுவிடுகிறது. கார்டு போலியா?

பதில்: கார்டு அசலாகவே இருக்கலாம். அதன் மேல் இருக்கும் எண்தான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார்டின் நெற்றியில் பெரிதாக அச்சடிப்பது படிக்கும் வேகம். அதாவது, எடுத்து முடித்ததைக் கணினிக்கு மாற்றும்போது கிடைக்கும் வேகம். வீடியோ எடுக்கிறவனுக்கு வேண்டியது எழுதும் வேகம். அது பொடி எழுத்தில் பின்பக்கம் இருக்கும், பல கார்டுகளில் அதுவும் இருக்காது. '1000எக்ஸ்' என்று போடுகிறார்களே, ஒரு எக்ஸ் என்பது நொடிக்கு 150 கேபி. அந்தக் கணக்கில் 1000எக்ஸ் என்றால் 150 எம்பி; அதுவும் பெரும்பாலும் படிக்கும் வேகம்தான். வீடியோவுக்கு நம்பத்தக்க குறி 'வி' எழுத்தோடு வரும் எண்: வி30 என்றால் தொடர்ந்து எழுதும்போது நொடிக்கு 30 எம்பிக்குக் கீழே போகாது, வி60 என்றால் 60, வி90 என்றால் 90. அந்தக் குறியைத்தான் ஓர் ஓரத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற அளவில் போடுவார்கள்.

சரி, நல்ல கார்டே வாங்கிவிட்டீர்கள். அடுத்தது கேமராவின் வாசல். 550டி, 600டி, 60டி போன்ற டிஜிக் 4 பாடிகளில் எஸ்டி கார்டுக்கு எழுதும் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 20 எம்பி. டிஜிக் 5 உள்ள 650டி, 700டி, ஈஓஎஸ் எம், 6டி ஆகியவற்றில் 40 எம்பி அளவு. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது போல, 95 என்று வாங்கியது உங்கள் கேமராவுக்குள் போனதும் 20 ஆகிவிட்டது. மீதி எல்லாம் இடைக்கால நினைவகத்தில் குவிகிறது. அது நிரம்பியதும் பதிவு நிற்கிறது. இதற்கு மேல் எந்தக் கார்டு வாங்கினாலும் இதே கதைதான். படத்தின் அளவைக் குறையுங்கள், அல்லது சில நொடி ஷாட்டுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் முதலில் வாங்கியதும் ஒரு டிஜிக் 4 பாடிதான். கார்டைத்தான் சந்தேகப்பட்டேன். ஒன்றல்ல, மூன்று கார்டு மாற்றிய பிறகுதான் புத்தி வந்தது. மேஜிக் லேன்டர்னிலேயே கார்டின் வேகத்தைக் கேமராவுக்குள் வைத்து அளக்கும் வசதி இருக்கிறது. அதை முதல் நாளே ஓட்டியிருந்தால் இரண்டு கார்டின் பணம் மிஞ்சியிருக்கும்.

கேள்வி: 50டி-யில் ரா வீடியோ அருமையாக வருகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. எந்த மைக் வாங்க வேண்டும்?

பதில்: எதையும் வாங்க வேண்டாம், செருக இடமில்லை. 50டி 2008-ல் வந்த ஸ்டில் கேமரா. அதில் வீடியோவே கிடையாது. மேஜிக் லேன்டர்ன்தான் வீடியோ எடுக்க வைக்கிறது. ஒலியைத் தனி ரெக்கார்டரில் எடுங்கள். ஷாட் தொடக்கத்தில் லென்ஸ் முன்னால் ஒரு கைதட்டு; எடிட்டிங்கில் இரண்டையும் சேர்க்க அது போதும்.

கேள்வி: 5டி மார்க் 3 ஒன்றை இணையத்தில் பார்த்து வாங்கினேன். 'ஷட்டர் கவுன்ட் 9,000தான், வீட்டில் சும்மா இருந்தது' என்று விற்றவர் எழுதியிருந்தார். மேஜிக் லேன்டர்ன் போட்டுப் பார்த்தால் 1,40,000-க்கு மேல் காட்டுகிறது. கேட்டால் அந்த மென்பொருளை நம்பக் கூடாது என்கிறார். சேர்த்து வைத்த பணம் அது.

பதில்: படிக்கவே வருத்தமாக இருக்கிறது. உங்கள் மேல் தப்பில்லை. ஷட்டர் கவுன்ட் என்பது ஷட்டர் இதுவரை எத்தனை முறை அடித்திருக்கிறது என்ற எண்; இந்த மாடலில் அதைக் கேனான் தன் மெனுவில் காட்டுவதில்லை. எடுத்த படத்தின் தகவலில் தேடினாலும் கிடைப்பதில்லை. விற்கிறவர் சொல்வதை நம்புவதைத் தவிர சாதாரண மனிதருக்கு வழியில்லை. அதைத்தான் அவர் பயன்படுத்திக்கொண்டார்.

மென்பொருள் பொய் சொல்லவில்லை. கேமராவே உள்ளுக்குள் எழுதி வைத்திருக்கும் எண்ணை அது எடுத்துக் காட்டுகிறது. முதல் வேலையாக அந்தத் திரையை, கேமராவின் சீரியல் எண்ணும் தெரியும்படி ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். விளம்பரத்தில் 9,000 என்று இருந்த வரியையும், நடந்த அரட்டை முழுவதையும் அவர் அழிப்பதற்கு முன் சேமியுங்கள். பிறகு விற்பனைத் தளத்தில் 'சொன்னதும் வந்ததும் வேறு' என்ற பிரிவில் புகார் கொடுங்கள். போனில் பேசாதீர்கள், எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். 'பாதிப் பணம் தருகிறேன், புகாரை எடுத்துவிடுங்கள்' என்று ஆள் வருவார். பணம் கைக்கு வரும் வரை புகாரை எடுக்காதீர்கள்.

பணம் திரும்பாவிட்டால்? அந்த மாடலின் ஷட்டருக்குக் கேனான் சொன்ன ஆயுள் 1,50,000. அந்த எண்ணைத் தொட்டதும் நின்றுவிடாது, அதைத் தாண்டி ஓடுபவை நிறைய. வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது ஷட்டர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அடிப்பதும் இல்லை. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, உங்கள் வேலை வீடியோ என்பதால் சொல்கிறேன்.

கேள்வி: கேமராவோடு மேஜிக் லேன்டர்னும் 'ஏற்றி' விற்கிறார் ஒருவர், அதற்குத் தனிக் கட்டணம். கார்டை மாற்றினால் போய்விடுமாம், மறுபடி அவரிடம்தான் வர வேண்டுமாம்.

பதில்: ஓசியில் கிடைப்பதைக் காசுக்கு விற்கிறார். அந்த மென்பொருள் கார்டில்தான் குடியிருக்கிறது. கேமராவுக்குள் மாறுவது, 'கார்டிலிருந்து தொடங்கு' என்ற ஒரு சின்னக் குறி மட்டும். கேனானின் ஃபர்ம்வேர், அதாவது கேமராவை ஓட்டும் அதன் சொந்த மென்பொருள், இருந்த இடத்திலேயே இருக்கும். புதுக் கார்டில் கோப்புகளை நகலெடுத்துக்கொள்ள உங்களுக்கே முடியும்.

அவரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: கேமராவில் கேனான் ஃபர்ம்வேரின் எந்தப் பதிப்பு இருக்கிறது? ஒவ்வொரு மாடலுக்கும் குறிப்பிட்ட பதிப்பில்தான் இது ஓடும். 5டி மார்க் 3 என்றால் 1.1.3 அல்லது 1.2.3. அதைவிடப் புதியது இருந்தால், யூஎஸ்பி வழியாகக் கணினியிலிருந்து பழைய பதிப்புக்கு மாற்ற வேண்டிவரும். அன்றைக்கு பேட்டரி முழுதாக இருக்கட்டும். பாதியில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று என்னைக் கேட்காதீர்கள். மென்பொருள் எழுதியவர்களும் உத்தரவாதம் எதுவும் தரவில்லை.

கேள்வி: ஒரு மணி நேர நேர்காணல்கள் எடுக்கிறேன். எல்லாவற்றையும் ராவில் எடுக்க 5டி மார்க் 3 போதுமா?

பதில்: கணக்கைப் போட்டுவிட்டுக் கேட்டிருக்கலாம். 1920-க்கு 1080, 14 பிட் என்றால் ஒரு ஃபிரேம் 3.6 எம்பி. நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 87 எம்பி. 64 ஜிபி கார்டு 12 நிமிடத்தில் காலி. ஒரு மணி நேரத்துக்கு 313 ஜிபி. அதை எம்எல்வி ஆப் போன்ற ஒரு கணினி மென்பொருளில் எடிட் செய்யத் தக்க கோப்பாக மாற்றி, எடிட் செய்து, இன்னொரு நகல் பத்திரப்படுத்தி... உட்கார்ந்து பேசுகிற ஒரு மனிதருக்காக! எச்.264-லேயே எடுங்கள். ரா என்பது வெளிச்சம் முரண்டு பிடிக்கும் ஷாட்டுக்கு: ஜன்னல் ஓரம், சாயங்கால வானம், இருட்டில் ஒரே விளக்கு.

கேள்வி: பானாசோனிக் ஜிஎச்2-க்கும் ஹேக் உண்டாமே, அதிலும் ரா வருமா?

பதில்: வராது. அது பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு எழுதும் தகவலின் அளவை, ஏற்றும் ஹேக். நன்றாக இருக்கும், ஆனால் ரா அல்ல.

கேள்வி: பழைய ஈஓஎஸ் எம் வாங்கினேன். ரா வீடியோவின் நடுப்பகுதி முழுக்க இளஞ்சிவப்புப் புள்ளிகள். சென்சார் போன கேமராவை என் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: இல்லை, விற்றவரைத் திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். ஆட்டோ ஃபோகஸுக்காக அந்த சென்சாரிலேயே பதித்த புள்ளிகள் அவை. 650டி, 700டி, 100டி-யிலும் உண்டு. எம்எல்வி ஆப்பில் ஃபோகஸ் பிக்சல் திருத்தத்தைப் போட்டால் மறைந்துவிடும்.

கேள்வி: 128 ஜிபி கார்டு பாதி விலைக்குக் கிடைத்தது. ஒரு நாள் முழுக்கக் குறும்படம் எடுத்தோம். முதல் சில கோப்புகள் மட்டும் திறக்கின்றன. மற்றவற்றை மீட்க முடியுமா? நடித்தவர்கள் மறுபடி வர மாட்டார்கள்.

பதில்: முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் சொல்வது போலிக் கார்டின் லட்சணம். உள்ளே இருப்பது 8 அல்லது 16 ஜிபி. கேட்டால் 128 என்று சொல்லும்படி சிப்பைத் திருத்தியிருப்பார்கள். அந்த எல்லை தாண்டி எழுதியது எங்குமே எழுதப்படவில்லை, அல்லது முன்னால் எழுதியதன் மேலேயே விழுந்திருக்கிறது. மீட்டுத் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் இன்னொரு முறை ஏமாறாதீர்கள்.

நானும் இப்படி ஒன்று வாங்கியவன்தான். இப்போது புதுக் கார்டு கைக்கு வந்ததும் முதலில் முழுக்க எழுதி, திரும்பப் படித்துச் சோதிக்கிறேன். விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3, இரண்டும் இலவசம். சோதனை முடிய சில மணி நேரம் ஆகும், ஆகட்டும். அந்தச் சோதனை முடிவோடு விற்றவரிடம் பணத்தைக் கேளுங்கள். கார்டை மட்டும் கடைசி வரை ஃபார்மட் செய்யாதீர்கள், அதுதான் சாட்சி.

கேள்வி: நேராகச் சொல்லுங்கள், எந்த மாடல் வாங்கட்டும்?

பதில்: முழு ஹெச்டி ரா தடங்கலில்லாமல் வேண்டும் என்றால் 5டி மார்க் 3, அதுவும் வேகமான சிஎஃப் (காம்பாக்ட் ஃபிளாஷ்) கார்டோடு. அதன் எஸ்டி வாசல் மெதுவானது, ஏறக்குறைய 20 எம்பிதான். எஸ்டியை சிஎஃப் ஆக்கும் அடாப்டர் ஒன்று நானும் வாங்கினேன். இப்போது மேஜையின் ஆட்டத்தை நிறுத்த ஒரு காலுக்கு அடியில் இருக்கிறது. யானை வாங்குகிறவர் அங்குசத்தில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

கையில் பணம் குறைவு என்றால் ஈஓஎஸ் எம். 1280-க்கு 720, 14 பிட் என்றால் நொடிக்கு 38.7 எம்பி, அதன் 40 எம்பி வாசலில் உரசிக்கொண்டு நுழைந்துவிடும். பிட்டைக் குறைத்தால் இன்னும் மூச்சு விடலாம். சாதாரண முறையில் எடுக்கும்போது அது சென்சாரில் வரிகளை விட்டுவிட்டுப் படிப்பதால், செங்கல் சுவர், கட்டம் போட்ட சட்டை போன்றவற்றில் அலை அலையாக மோயர் வரும். சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுக்கும் கிராப் முறையில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் பார்வைக் கோணம் குறுகிவிடும். எஸ்டியின் வேகத்தை முடுக்கும் கூடுதல் நிரலும் உண்டு. விரும்பினால் உங்கள் பொறுப்பில் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வித்தை எதுவும் வேண்டாம் என்பவருக்கு 2013-ல் வந்த முதல் பிளாக்மேஜிக் பாக்கெட் கேமரா இருக்கிறது. ராவைத் தானே எடுக்கும். பேட்டரிகளை மட்டும் கைநிறைய வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கார்டை மாற்றும்போதெல்லாம் கேமரா ஹேங் ஆகிறது.

பதில்: கதவைத் திறந்ததும் கார்டை உருவுகிறீர்கள். விளக்கு அணையும் வரை பொறுங்கள். ஹேங் ஆனால் பேட்டரியைக் கழற்றி மாட்டுங்கள்.

கேள்வி: என் 5டி மார்க் 3-ஐ விற்கப் போகிறேன். ஷட்டர் கவுன்ட் 1,20,000. யாரும் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டுமா?

பதில்: விளம்பரத்தின் முதல் வரியிலேயே போடுங்கள். வாங்க வருவது மேலே 9,000 என்று நம்பி ஏமாந்து எழுதியிருக்கிறாரே, அவராகவும் இருக்கலாம்.